காலையில் கச்சிதம், மாலையில் தொளதொள: செயற்கைக் கால் கேள்விகள்

முட்டிக்குக் கீழே கால் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. செயற்கைக் கால் காலையில் கச்சிதமாக இருக்கிறது, சாயங்காலம் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. கால் சரியில்லையா? (நெல்லிக்குப்பம்)

கால் மேல் தப்பில்லை. எடுத்தது போக மிஞ்சியிருக்கும் காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். முதல் ஒரு வருடம் அது வற்றிக்கொண்டேதான் போகும். ஒரே நாளில்கூட, நடக்க நடக்க நீர் வடிந்து சுருங்கும். ஸ்டம்பை நுழைக்கிற கிண்ணம் போன்ற சாக்கெட்டோ அளவெடுத்த அன்றைக்கு இருந்தபடியே இருக்கும். அந்த இடைவெளிக்குத்தான் ஸ்டம்பில் போடும் சாக்ஸ். மதியம் ஒன்று கூட்டிப் போடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நெல்லிக்காய் அளவு சப்பாத்தி மாவை பாலிதீனில் சுற்றி சாக்கெட்டின் அடியில் போடுங்கள். காலை மாட்டி நாலு எட்டு நடந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மாவு அப்பளமாகியிருந்தால் ஸ்டம்ப் அடியில் போய் முட்டுகிறது, சாக்ஸ் போதவில்லை. உருண்டை குலையாமல் இருந்தால் ஸ்டம்ப் இறங்கவே இல்லை, சாக்ஸ் அதிகம். லேசாகத் தட்டையாகியிருந்தால் சரி.

சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டும் ஆடினால் சாக்கெட்டை மாற்றுங்கள். பலர் பாதத்தை மாற்றிக் காசைத் தொலைக்கிறார்கள். கழற்றிய பிறகும் ஒரே இடத்தில் சிவப்பு மறையாமல் நின்றால் மறுபடி மாட்டாமல் நேரே வந்து காட்டுங்கள். சுகர் உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். தினமும் கண்ணாடி வைத்து ஸ்டம்பின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா மீனவர். ஜெய்ப்பூர் கால் போட்டால் திரும்பக் கடலுக்குப் போகலாமா? (தேவனாம்பட்டினம்)

வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்கள், சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள் நம் ஆட்கள். அவர்களை மனதில் வைத்து 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய கால் அது. ரப்பர் பாதம் என்பதால் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளையும், தண்ணீருக்கும் அஞ்சாது. கெண்டைக்கால் பகுதிக்குத் தண்ணீர்க் குழாய் செய்கிற எச்டிபிஇ பிளாஸ்டிக்.

ஆனால் மணல் பொல்லாதது. சாக்கெட்டுக்குள் ஒரு பிடி புகுந்தால் ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஸ்க்ரூவில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலில் கரையில் வலை பின்னட்டும், ஏலக்கூடத்துக்கு நடந்து பழகட்டும். படகு தள்ளுவதெல்லாம் பிறகு.

இல்லாத கால் கட்டைவிரலில் எரிச்சல். யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். (வில்லியனூர்)

நான் நம்புகிறேன். கால் போனாலும் மூளையில் அதற்கான இடம் அப்படியேதான் இருக்கும். நம்மூர்க்காரரான நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். நல்ல காலின் பிம்பம் இல்லாத கால் இருந்த இடத்தில் தெரியும்படி நடுவே கண்ணாடியை நிறுத்தி, அதைப் பார்த்தபடியே நல்ல காலை மெல்ல அசைக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்பதில்லை. ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான். வலி தூக்கத்தைக் கெடுத்தால் ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், மருந்து இருக்கிறது.

மெஷினில் தம்பியின் கை போய்விட்டது. வீடியோவில் வருகிற ரோபோ கை வாங்கலாமா? (பண்ருட்டி)

முழங்கைக்குக் கீழே தசை மிஞ்சியிருந்தால் வாங்கலாம். தசை இறுகும்போது எழும் சின்ன மின்சாரத்தைத் தோல்மேல் உள்ள எலெக்ட்ரோடு பிடித்து மோட்டாரை ஓட்டும். வீடியோவில் காட்டாதது அதன் எடை, வியர்வையில் சிக்னல் தடுமாறுவது, தினம் சார்ஜ் போடுவது. பலாச்சுளை எடுக்கிற கைக்கு வெறும் கொக்கியே தேவலை என்பேன். கொக்கியில் பழகிய பிறகும் தம்பிக்கு ஆசை இருந்தால் யோசியுங்கள்.

இன்னும் பத்து வருடத்தில் என்ன வரும்? (புதுச்சேரி, கல்லூரி மாணவி)

விலை குறைந்த நல்ல செயற்கை முட்டிகள் வரும் என்பது என் கணிப்பு. 2022இல் சென்னை ஐஐடி வெளியிட்ட ‘கடம்’ முட்டி அந்த வழியில் ஒரு தொடக்கம். சாக்கெட்டே இல்லாமல், எலும்புக்குள் டைட்டானியம் தண்டைப் பதித்து அதில் காலை மாட்டும் முறை ஸ்வீடனில் 1990இலேயே தொடங்கிவிட்டது. தரையின் அதிர்வு எலும்பு வழியாக ஏறுவதால், நடப்பது கல்லா மணலா என்று ஓரளவு தெரியும் என்கிறார்கள் போட்டுக்கொண்டவர்கள். தோலைத் துளைத்துக்கொண்டு தண்டு வெளியே வருகிற இடம்தான் தலைவலி, கிருமி நுழைய அதுவே வாசல். சுகரால் கால் இழந்தவர்களுக்குப் பெரும்பாலும் இதைச் செய்ய மாட்டார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.