ராத்தோர் வம்சம் எங்கேர்ந்து வந்துச்சு? கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ராத்தோர்ங்கற ராஜபுத்திர குலம் கன்னோஜ் ராஜா ஜெயச்சந்திரன் வாரிசுங்கனு எல்லாரும் சொல்றாங்களே, உண்மையா?

பதில்: மார்வார்ல, அதாவது ராஜஸ்தான்ல ஜோத்பூர் பக்கம், வம்சாவளி பாடுற பாட், சாரணர்ங்கற புலவர்களோட பரம்பரை அப்படித்தான் சொல்லுது தம்பி. 1194ல சந்தாவர் போர்ல ஜெயச்சந்திரன் செத்தப்புறம் அவர் வழில வந்த சீஹா மேற்கால கிளம்பி மார்வார்ல இருக்குற பாலிக்கு வந்துட்டார்னு கதை. ராத்தோர்ங்கற பேரே ராஷ்டிரகூடர்லேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க, ஆனா ஜெயச்சந்திரன் குடும்பத்துச் செப்பேடுகள்ல காஹடவாலர்னு இருக்கே தவிர ராஷ்டிரகூடர்னு இல்ல. அதே காலத்துல உத்தரப் பிரதேசத்துப் பதாயூன்ல ராஷ்டிரகூடர்னே பேர் போட்டுக்கிட்ட சின்ன அரச குடும்பம் ஒண்ணு இருந்துச்சு, கல்வெட்டே இருக்கு, சீஹா அந்தக் கிளையா இருக்கலாம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரியாப் படுது.

கேள்வி: சீஹா நிஜமாவே இருந்தாரா, இல்ல அவரும் கதையா சார்?

பதில்: நிஜம். பாலி பக்கம் பீட்டூ கிராமத்துல அவரோட நினைவுக்கல் கிடைச்சிருக்கு, விக்ரம சம்வத் 1330, அதாவது 1273. குதிரை மேல உக்காந்து ஈட்டியால குத்துற மாதிரி செதுக்கிருக்காங்க, நம்ம நடுகல் வகைதான், சோலங்கி குடும்பத்துல பொறந்த அவர் மனைவி பார்வதி வெச்ச கல்லு. மார்வார் ராத்தோர் சரித்திரத்துக்கு கெட்டியான ஆரம்பம்னா இந்தக் கல்லுதான். இதுக்கு முன்னாடி சூரிய வம்சம் வரைக்கும் இழுக்குற பட்டியலையெல்லாம் நான் சரித்திரமா எடுத்துக்க மாட்டேன்.

கேள்வி: கர்நாடகா ராஷ்டிரகூடருக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடியா இணைக்குற ஆதாரம் எதுவும் இல்ல. மான்யகேடத்த தலைநகரா வெச்சிருந்த அந்தக் கர்நாடக ராஷ்டிரகூட ராஜ்ஜியம் 973ல முடிஞ்சுது. அந்தப் பேர்ல கிளைங்க வடக்குல ஏற்கனவே இருந்துச்சு, பாலி மாவட்டத்து ஹஸ்திகுண்டிலயே 997ஆம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கு. ஆனா குலதெய்வக் கதை சுவாரசியமானது, சீஹாவோட பேரன் தூஹட் கர்நாடகத்துலேர்ந்து தேவி சிலையக் கொண்டு வந்து நாகாணா ஊர்ல வெச்சாராம், அவதான் நாகணேச்சி. பருந்து அவ ரூபம்னு நம்பறதால ஜோத்பூர் ராஜ சின்னத்துலயும் பருந்து உண்டு.

கேள்வி: ஜோத்பூர் எப்போ வந்துச்சு?

பதில்: ரொம்ப லேட்டா. முதல்ல சீஹா வழில வந்த சூண்டா, பரிஹார்ங்கற இன்னொரு ராஜபுத்திர குலத்துல பொண்ணு எடுத்து, இப்போ ஜோத்பூர் பக்கத்துல இருக்குற மண்டோரையும் சீதனமா வாங்கினார். அவர் மகன் ரண்மல், பக்கத்து மேவார் நாட்டுத் தலைநகர் சித்தோர்ல அதிகாரம் செஞ்சு 1438ல அங்கேயே கொல்லப்பட்டார், மண்டோரும் கையவிட்டுப் போச்சு. ரண்மல் மகன் ஜோதா தப்பிச்சு ஓடி, பாலைவனத்துல அலைஞ்சு ஆள் சேத்து, 1453 வாக்குல மண்டோரைத் திரும்பப் புடிச்சு, 1459ல பக்கத்து மலைல புதுக் கோட்டை போட்டார், அதான் மெஹரான்கர். எல்லாத்தையும் இழந்துட்டு திரும்பி வந்த மனுஷன், இந்த வம்சத்துல எனக்கு ரொம்பப் புடிச்சவர் அவர்தான். அவர் மகன் பீகா தனியாப் போய் 1488ல பீகானேர் கட்டினார்.

கேள்வி: மீராபாய் ராத்தோரா? சித்தோர் ராணினுதானே படிச்சேன்?

பதில்: பொறந்தது ராத்தோர் வீடு, மேர்த்தியா கிளை. ஜோதா மகன் தூதாவோட பேத்தி. சித்தோர் புகுந்த வீடும்மா, அந்த அரச குடும்பம்தான் சிசோதியா குலம்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல ஒரு ராத்தோட் இருக்கார், தெலங்கானா. அவரும் ராஜபுத்திரரா?

பதில்: பேர வெச்சு முடிவு பண்ணாதீங்க. பஞ்சாரா மக்கள்லயும் ராத்தோட்னு பெரிய குலம் இருக்கு, தெலங்கானா, மகாராஷ்டிரா, கர்நாடகால நிறைய பேர். அவங்க சரித்திரம் வேற, மாட்டு மந்தைல தானியமும் உப்பும் ஏத்திக்கிட்டு நாடு முழுக்க நடந்த வியாபாரிங்க, அதைத் தனியாவே பேசணும், இதோட கலக்க வேணாம்.