நகரத் திட்டங்களுக்குச் சுகாதாரத் தாக்க மதிப்பீடு தேவையா? சுற்றுச்சூழல் மதிப்பீடே போதாதா?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஏற்கெனவே இருக்கும்போது உடல்நலத்தை வைத்துத் தனியாக இன்னொன்று எதற்கு, அப்படியே செய்தாலும் திட்டம் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலப் பயன்பாட்டுத் திட்டங்களில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேவை இருக்கிறது, திட்டமும் மாறும். ஆனால் வரைபடத்தில் கோடுகளை மாற்ற இன்னும் இடம் இருக்கும்போது செய்தால்தான்.

சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் உடல்நலம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் 1969-ஆம் ஆண்டு தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் தன் நோக்கத்தைச் சொல்லும் இடத்திலேயே மனிதரின் உடல்நலத்தைக் குறிப்பிடுகிறது. நடைமுறையில் அது எங்கே போய் நிற்கிறது? காற்றில் தூசு இவ்வளவு, இரைச்சல் இவ்வளவு, அனுமதித்த அளவுக்குக் கீழே இருக்கிறதா, இருக்கிறது, சரி, அடுத்த பக்கம். அந்தக் காற்றைச் சுவாசிக்கப் போகிறவர்கள் யார் என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை.

ஓர் அகலச் சாலை ஒரு குடியிருப்பை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். தூசும் சத்தமும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு நடந்து போக முடியாது. முதியவர்கள் சாலையைக் கடக்கப் பயந்து வெளியே வருவதையே குறைத்துக்கொள்வார்கள். சாலை வந்ததும் வாடகை ஏறும், சிலர் தொலைவுக்குக் குடிபெயர்வார்கள், அங்கிருந்து வேலைக்கும் மருத்துவமனைக்கும் போய்வர நேரம் கூடும். இவை எல்லாம் கடைசியில் உடம்பைத்தான் பாதிக்கும். வரம்பு அட்டவணையில் இவற்றுக்கு இடம் கிடையாது.

சுகாதாரத் தாக்க மதிப்பீடு என்றால் என்ன என்பதற்கு, 1999-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வெளியிட்ட கோதன்பர்க் ஆவணத்தின் வரையறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் இரண்டு பாதி உண்டு. ஒரு கொள்கையோ திட்டமோ மக்களின் உடல்நலத்தில் என்ன விளைவை உண்டாக்கக்கூடும் என்பது ஒன்று. அந்த விளைவு மக்களுக்குள்ளே எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது மற்றொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவது பாதிதான் விஷயமே. சராசரியாகப் பார்த்தால் ஊருக்கு நன்மை தருகிற திட்டம், சாலையை ஒட்டிய நான்கு தெருக்காரர்கள் தலையில் மட்டும் மொத்தத் தீமையையும் இறக்கிவிட்டுப் போகலாம்.

இதற்கு நான் அடிக்கடி சொல்கிற உதாரணம் சான் பிரான்சிஸ்கோவின் டிரினிட்டி பிளாசா. வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் 360 வீடுகள் இருந்த குடியிருப்பு அது. அதை இடித்துவிட்டு, விற்பனைக்கான அடுக்ககம் கட்ட 2003-இல் ஒரு திட்டம் வந்தது. வீட்டை இழக்கிறவர்களின் மன அழுத்தம், அவர்கள் போய்ச் சேரக்கூடிய நெரிசலான வீடுகள், அறுந்துபோகும் அக்கம்பக்க உறவுகள் ஆகியவற்றையும் சுற்றுச்சூழல் ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நகரின் பொதுச் சுகாதாரத் துறை வாதிட்டது. திட்டமிடல் துறையும் ஆய்வின் எல்லையை விரித்தது. கடைசியில், புதிய கட்டடத்திலும் 360 வீடுகளை வாடகைக் கட்டுப்பாட்டோடு கட்டித் தர கட்டுநர் ஒத்துக்கொண்டார். மதிப்பீடு மட்டுமே இதைச் சாதித்தது என்று சொன்னால் பொய். குடியிருப்பவர்கள் ஒன்று சேர்ந்து விடாமல் போராடினார்கள். அவர்கள் வாயால் சொன்னதை அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டிய ஆவணமாக மாற்றியது சுகாதாரத் துறையின் பங்கு.

நிலப் பயன்பாட்டில் இந்த மதிப்பீடு ஏன் நன்றாக எடுபடுகிறது என்றால், அங்கே எதுவுமே தூரக் கணக்குதான். பெருஞ்சாலையை ஒட்டிய காற்றில் மாசு அதிகம்; விலகப் போகப் போக, சில நூறு மீட்டருக்குள்ளேயே அது வேகமாகக் குறைந்துவிடும். அதனால்தான் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் 2005-இல், விரைவுச்சாலையிலிருந்து 500 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 150 மீட்டருக்குள், புதிதாக வீடு, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றை அமைப்பதைத் தவிர்க்கச் சொன்னது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் வரும். பேருந்தும் ரயிலும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் வீடுகளை நெருக்கமாகக் கட்டினால் மக்கள் நடப்பார்கள், காரைக் குறைப்பார்கள், உடம்புக்கு நல்லது. அதே இடம் பெரும்பாலும் பெரிய சாலையை ஒட்டித்தான் இருக்கும். நடைக்கு நல்ல இடம் மூச்சுக்கு ஆகாத இடமாகிவிடுகிறது. மதிப்பீடு இதைத் தீர்த்துவைக்காது, மேசையில் எடுத்துவைக்கும். சான் பிரான்சிஸ்கோ 2008-இல், மாசு அதிகமான பகுதிகளில் எழும் புதிய குடியிருப்புகளுக்குக் காற்று வடிகட்டும் வசதி வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. எனக்கு அது இரண்டாம்பட்ச வழியாகத்தான் படுகிறது. வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் பலனில்லை. கடைகளையும் வாகன நிறுத்தத்தையும் சாலைப் பக்கம் வைத்து, படுக்கையறைகளைப் பின்னால் தள்ளுவது அதைவிட மேல். ஆனால் அதைக் கட்டட வரைபடம் போடும்போதே சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டின் படிகள் எங்கேயும் கிடைக்கும்: தேவையா என்று பார்ப்பது, எதை எதை ஆராய்வது என்று எல்லை வகுப்பது, ஆராய்வது, பரிந்துரைப்பது, அறிக்கை தருவது, பிறகு கண்காணிப்பது. பெரும்பாலான சண்டைகள் நடப்பது, நடக்க வேண்டியதும், எல்லை வகுக்கும் இடத்தில். அங்கே விட்டுப்போன கேள்வி பிறகு அறிக்கைக்குள் நுழைவது அபூர்வம். குடியிருப்பவர்களை அந்தக் கட்டத்திலேயே கூப்பிடாமல், அறிக்கை முடிந்த பிறகு கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பதை நான் மதிப்பதில்லை.

இன்னொரு சிக்கல், எண்ணாக மாற்ற முடிந்ததையெல்லாம் பெரிதாகவும், முடியாததைச் சிறிதாகவும் காட்டும் பழக்கம். இரைச்சலுக்கு எண் உண்டு: உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்குத் தந்த வழிகாட்டி, சாலை இரைச்சலின் நாள் முழுவதற்குமான கணக்கு 53 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நடைக்கும் சைக்கிளுக்கும்கூட, எத்தனை மரணங்கள் தவிர்க்கப்படும், அதன் பண மதிப்பு என்ன என்று கணக்கிட அதே நிறுவனத்தின் கருவி இருக்கிறது. பழகிய தெருவை இழப்பதற்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. எண் இல்லை என்பதால் விளைவும் இல்லை என்று எழுதுகிற அறிக்கையை நம்ப வேண்டாம்.

சரி, திட்டம் மாறுமா? இங்கே கொஞ்சம் கசப்பாகத்தான் பேச வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கேட்ட பிறகு எழுதி வாங்கிய மதிப்பீட்டை நான் பார்த்திருக்கிறேன். பரிந்துரை எல்லாம் 'மேம்படுத்தலாம்', 'பரிசீலிக்கலாம்' என்ற ரகம். 'நடைபாதை வசதிகளை மேம்படுத்த வேண்டும்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் என்ன செய்வார்? 'பள்ளி வாசலின் இருபுறமும் 200 மீட்டருக்கு வேக வரம்பு 30 கிலோமீட்டர், மேடான கடவை, பள்ளி திறக்கும் முன் முடிக்க வேண்டும், பொறுப்பு சாலைப் பிரிவு' என்று எழுதினால் அது அனுமதி நிபந்தனைக்குள் அப்படியே போய் உட்காரும்.

நன்றாக எழுதினாலும் போதாது என்பதற்கு அட்லாண்டாவின் பெல்ட்லைன் ஒரு பாடம். பழைய ரயில் தடங்களை இணைத்து, நகரைச் சுற்றி ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்குப் பாதை, பூங்கா, போக்குவரத்து என்று விரியும் திட்டம். அதன் சுகாதார மதிப்பீடு 2007-இல் வந்தது, சமூகச் சமத்துவமும் அதில் ஓர் அங்கம். பாதை வர வர சுற்றியுள்ள வீட்டு விலை ஏறியது. 5,600 மலிவு வீடுகள் என்ற இலக்கு பின்தங்கியது. பெல்ட்லைன் யோசனையை முதலில் முன்வைத்த ரயன் கிராவலே 2016-இல், இந்தச் சமத்துவப் பிரச்சினையைச் சொல்லி, திட்டத்தின் கூட்டாண்மை அமைப்பின் வாரியத்திலிருந்து விலகினார். மதிப்பீட்டுக்கு நிலம் வாங்கும் அதிகாரமும் கிடையாது, பணமும் கிடையாது.

சட்டம் போட்டால் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாய்லாந்து போட்டது. 2007 அரசியலமைப்பின் 67-ஆம் பிரிவு, கடும் பாதிப்பு தரக்கூடிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழலோடு உடல்நலத் தாக்கத்தையும் ஆராய வேண்டும் என்றது. அதை வைத்து மக்கள் வழக்குப் போட, 2009 செப்டம்பரில் மாப் தா ஃபுட் தொழிற்பகுதியில் 76 திட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பிறகு, கடும் பாதிப்புத் தரும் செயல்கள் என்று 11 வகைகளை அரசு 2010-இல் பட்டியலிட்டது. பெரும்பாலான திட்டங்கள் மறுபடி நகர்ந்தன. சட்டம் கதவைத் தட்ட வழி செய்தது, உண்மை. ஆனால் பட்டியல் வந்ததும், அதற்கு வெளியே இருக்கிற திட்டங்களுக்கு அந்தப் பிரிவின்படி உடல்நலத் தாக்கத்தை ஆராய வேண்டிய கடமையே இல்லாமல் போய்விட்டது.

நீங்கள் ஒரு சிறிய உள்ளாட்சி அமைப்புக்காகக் கேட்கிறீர்கள் என்றால், மாதக்கணக்கில் நீளும் முழு ஆய்வில் தொடங்க வேண்டாம். கையில் இருக்கிற விபத்துப் பதிவுகள், பள்ளி, மருத்துவமனை இருப்பிடங்கள், முதியவர் எண்ணிக்கை, பேருந்துத் தடங்கள், இவற்றை வரைவுத் திட்டத்தின் மேல் போட்டுப் பார்த்து, திட்டமிடுபவரும் சுகாதாரப் பணியாளரும் குடியிருப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்கிற விரைவு மதிப்பீடு சில வாரங்களில் முடியும். வேறு யாராவது எழுதிய அறிக்கை கைக்கு வந்தால், முதலில் அதன் தேதியையும் திட்ட ஒப்புதலின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம், பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள்.