நன்றி மடலில் வந்த ஹுவா யான் சியாவ் யூ

உங்கள் சீன ஆசிரியரின் மேடைப் பேச்சைப் பாராட்டி எழுதிய நன்றி மடலில் "ஹுவா யான் சியாவ் யூ" என்ற சீனத் தொடரைப் பார்த்து அவர் ஏன் முகம் சுளித்தார் என்று கேட்டிருந்தீர்கள். அந்த நான்கு எழுத்துத் தொடரை எடுத்துவிடுங்கள். ஹுவா யான் சியாவ் யூ என்றால் ஏமாற்றும் தேன்மொழி. அவர் முகம் சுளித்ததற்குக் காரணம் அதுதான். மேடைப் பேச்சைப் பாராட்ட "சூ கோவ் செங் ஜாங்" என்று எழுதுங்கள். வாய் திறந்தாலே கட்டுரை போல ஒழுங்காக வந்து விழும் என்று பொருள். முன்னால் "ஹென்" (மிகவும்) சேர்க்க வேண்டாம். தொடரே பயனிலையாக நிற்கும்.

பூ, சொல், திறமை என்று எழுத்து எழுத்தாகப் பொருள் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இனிக்கப் பேசி முகத்தைக் குழைத்துக் காட்டுபவரிடம் அன்புநெறி அரிது என்று கன்பூசியஸே சொல்லியிருக்கிறார். "சியாவ்" (திறமை) பேச்சோடு சேர்ந்தால் பெரும்பாலும் சந்தேகத்தின் வாடைதான். நாக்கை இசைக்கருவியின் அதிர்நாவோடு (ஊதும்போது அதிரும் மெல்லிய தகடு) ஒப்பிடும் "சியாவ் ஷெ ரூ ஹுவாங்" தொடரும் வசைதான்.

திருத்திய மடலை அனுப்புமுன் தொடரைச் சீன–சீன அகராதியில் பாருங்கள். "பாவ் யீ" என்றிருந்தால் புகழ்ச்சி, "பியென் யீ" என்றிருந்தால் இகழ்ச்சி. குறிப்பே இல்லையென்றால் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

"கோவ் ருவோ ஷுவென் ஹ" (அருவியாய்க் கொட்டும் பேச்சு) நல்ல தொடர்தான். சீனாவின் மேற்கு ஜின் அரசமரபுக் கால அறிஞர் குவோ சியாங்கைப் புகழ்ந்த சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இடத்தைப் பொறுத்து, நிறுத்தாமல் பேசுகிறவர் என்ற குறையாகவும் கேட்கும். ஆசிரியருக்கு அது வேண்டாம்.