1200 கிலோமீற்றரும் ஒரு பிளேன்டீயும்

வணக்கம் அண்ணா,

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய்த்தான் சைக்கிள் வாங்கினேன், கோட்டையில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்வர. பிறகு பெற்றோல் தாராளமாக வந்தும் சைக்கிளை விட மனம் வரவில்லை. ஞாயிறுகளில் நீர்கொழும்பு வரை போய் வருகிறேன். பிரான்சில் 2027இல் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் ஓட்டத்தில் சேர வேண்டுமென்று ஓர் ஆசை. 1200 கிலோமீற்றர், 90 மணித்தியாலம். எனக்கு 43 வயது. மனைவி "உங்களுக்கென்ன விசரோ?" என்கிறா. நீங்கள் நெடுந்தூரம் ஓடியவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என் கால்கள் தாங்குமா? இதைவிட நல்ல சைக்கிளாக ஒன்று வாங்கட்டா?

ர., தெஹிவளை

அன்புள்ள ர.,

மனைவியின் கேள்விக்கு ஓம் என்று சொல்லிவிடுங்கள், வீட்டில் சண்டை மிச்சம். புதுச் சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம். வயதும் ஒரு தடையில்லை. அந்த ஓட்டத்தில் உங்களைவிட மூத்தவர்கள் ஏராளம்.

கால்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேர் வெள்ளவத்தையிலிருந்து புத்தளம் போய்த் திரும்பப் புறப்பட்டோம். கிட்டத்தட்ட 270 கிலோமீற்றர். போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். திரும்புகையில் சிலாபத்தில் இருட்டிவிட்டது. ஒரு கடையில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்ததோடு நிற்காமல் சப்பாத்தையும் கழற்றினேன். ஐம்பது நிமிடம் கழித்து எழும்பினால் முழங்கால் மரக்கட்டை. பகல் முழுக்க வெயிலில் வெறும் தண்ணீரும் பிஸ்கட்டும்தான் உள்ளே போயிருந்தது. வியர்வையோடு போன உப்பைத் தண்ணீர் திருப்பித் தராது, மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் உப்பு இன்னும் குறையும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. கூட்டாளிகள் போய்விட்டார்கள். நான் பேலியகொடைச் சந்தைக்குப் போன மீன் லொறி ஒன்றில் சைக்கிளோடு ஏறினேன். அந்த மணம் இரண்டு நாள் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் கடையில் உட்காரும்வரை என் கால்களில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 1200ஐ 90ஆல் பிரித்தால் மணிக்கு 13.3. காலி வீதியில் மீன் வாங்கப் போகிறவரே அந்த வேகத்தில் போவார். சீற்றில் இருக்கும் நேரத்தில் மணிக்கு 20 போனீர்களென்றால் 60 மணித்தியாலத்தில் தூரம் முடிந்துவிடும். மிச்சம் 30. நித்திரை, சாப்பாடு, பஞ்சர், மூத்திரம், வழியில் உள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை குத்தக் காத்திருப்பது எல்லாம் அதற்குள். பன்னிரண்டு இடத்தில் ஒரு மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாக உட்கார்ந்தால் பன்னிரண்டு போய்விட்டது. கடிகாரம் உங்களை விழுத்துவது றோட்டில் இல்லை, கதிரையில்.

அதனால் கடையில் நிற்கப் பழகுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள். என்ன வாங்குவது என்று இறங்குமுன்பே முடிவுசெய்து, நின்றபடி தின்று, போத்தலை நிரப்பி, பத்து நிமிடத்தில் சீற்றில் ஏற வேண்டும். மாலுபாண், வாழைப்பழம், உப்புப் போட்ட கஞ்சி, ஜீவனிப் பக்கெற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–சீனித் தூள்). பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

நேராகப் பாரிஸுக்குப் போய் நிற்கவும் விடமாட்டார்கள். ஓட்டம் நடக்கும் அதே வருடத்தில் 200, 300, 400, 600 கிலோமீற்றர் தகுதி ஓட்டங்களை முறையே பதின்மூன்றரை, 20, 27, 40 மணித்தியாலத்துக்குள் முடித்திருக்க வேண்டும். இந்தப் பாரிஸ் ஓட்டம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. முதல் வருடம் வென்ற ஷார்ல் தெரோனுக்கு 71 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் பிடித்தது. இன்று அது பந்தயமில்லை, நேரத்துக்குள் வந்தவர் எல்லாரும் வந்தவர்தான். (அதன் பெயரில் சில்லு வடிவத்தில் ஒரு கேக்கும் இருக்கிறது. சாப்பிட்டிருக்கிறேன், உழக்கிச் சம்பாதித்ததில்லை.)

எனக்கு உங்களைப் பற்றி இருக்கும் பயம் வேறு. நீர்கொழும்பு றோட்டு தட்டை. பிரான்சில் அந்தப் பாதையில் பெரிய மலை கிடையாது, ஆனால் சிறிய ஏற்றங்கள் முடிவதேயில்லை. கூட்டினால் கிட்டத்தட்ட 12,000 மீற்றர். பிதுருதலாகலையைக் கடல்மட்டத்திலிருந்து நாலே முக்கால் தடவை ஏறுவது போல. மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவிசாவளைக்குப் போய், கித்துல்கல, கினிகத்தேனை வழியாக அட்டன் பக்கம் ஏறிப் பாருங்கள். பிரான்சில் இரவில் பத்துப் பாகைக்குக் கீழும் குளிர் இறங்கும். தெஹிவளைக்காரருக்கு அது புதுசு. நுவரெலியாவில் ஒரு விடியற்காலை இறக்கத்தில் வந்து பார்த்தால் விரல்கள் பிரேக்கைப் பிடிக்குமா என்று தெரியும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையில் நரம்பு அழுத்தப்படுகிறது. ஹாண்டிலில் கைபிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

என் மாமா ஒருவர், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கரியரில் விறகு கட்டி உழக்கியவர். இந்த ஓட்டத்தைப் பற்றிச் சொன்னபோது நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "காசும் குடுத்தோ உழக்கிறியள்?" நானும் ஓம் என்றேன். பிறகு அவரே உள்ளே போய், பழைய பம்பைக் கொண்டுவந்து தந்தார். இன்றைக்கும் அதுதான் என்னிடம்.

முதல் 200ஐ முடித்ததும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று வேண்டாம், கடைகளில் மொத்தம் எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று எழுதுங்கள்.