ரேடியேட்டரை மாத்துறதுக்கு முன்னால: கேள்வி பதில்

கார் ரேடியேட்டர்ல கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுத்தி வர்ற தண்ணிக் கலவை) ஒழுகல் பத்தி வந்த கேள்விகளை ஒண்ணாச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளுக்குப் பதில் ஒண்ணுதான்.

சேலம், பழைய ஆல்ட்டோ: அண்ணே, வாரத்துக்கு ஒரு லிட்டர் குறையுது. மெக்கானிக் ரேடியேட்டரையே மாத்தணும்கிறார்.

எங்கே ஒழுகுதுன்னு காட்டினாரா தம்பி? காட்டுற வரைக்கும் பர்ஸைத் திறக்காதீங்க. காலையில இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது பானட்டைத் தூக்கி டார்ச் அடிங்க. கூலன்ட் கசிஞ்ச இடத்துல செங்கல் சுவத்துல உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாவோ பச்சையாவோ காய்ஞ்சு ஒட்டியிருக்கும். முதல்ல மூடி, அப்புறம் ஹோஸ் கிளிப், அப்புறம் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோட சேருற விளிம்பு, கடைசியா கோர், அதாவது நடுவுல இருக்கிற மெல்லிய குழாய், தகடு பாகம். இந்த வரிசையில பாருங்க, செலவும் இதே வரிசையிலதான் ஏறும்.

மூடியை யாரும் மதிக்கிறதில்லை. அதுமேல 0.9ன்னு போட்டிருந்தா அது அழுத்தம், பார் கணக்குல. அந்த அழுத்தத்துலதான் தண்ணி 100 டிகிரியில கொதிக்காம கிட்டத்தட்ட 118 வரைக்கும் தாங்குது. ஸ்பிரிங் தளர்ந்துட்டாலோ ரப்பர் வெடிச்சிருந்தாலோ அழுத்தம் நிக்காது, ஸ்பேர் பாட்டில் வழியா தண்ணி வெளியே போயிடும். அதே எண் உள்ள புது மூடியா வாங்குங்க. அதிகம் போட்டா நல்லதுன்னு 1.1 மூடியை மாட்டாதீங்க. பழைய டேங்க் பொளந்துக்கும்.

திண்டுக்கல், அப்பாவோட அம்பாசடர்: ஒழுகுற ரேடியேட்டரை ஈயம் வெச்சுப் பத்தவைக்க முடியுமா சார்?

தாராளமா. அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், ஈயம் நல்லாப் பிடிக்கும். ரேடியேட்டர் வேலைக்காரர் செய்யறதைப் பக்கத்துல நின்னு பாருங்க, அழகா இருக்கும். வாய்களை எல்லாம் அடைச்சு, தொட்டித் தண்ணிக்குள்ள முக்கி, காத்து விடுவார். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற மாதிரியே குமிழி வரும். அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி ஈயம் வைப்பார். உள்ளே அடைப்பு இருந்தா மேல் டேங்கைக் கழட்டி ஒவ்வொரு குழாயிலயும் பட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கச் சொல்லுங்க.

மதுரை, ஸ்விஃப்ட்: பிளாஸ்டிக் டேங்க்ல மயிரிழை விரிசல். எம்-சீல் வெச்சா நிக்குமா?

ஊர் வந்து சேர நிக்கலாம். காயவெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அப்புறம் வைங்க. ஆனா அதை நம்பி நாலு வழிச் சாலையில ஓட்டாதீங்க. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரத்துல இருந்து உரிஞ்சு வரும். கோர் நல்லா இருந்தா டேங்கை மட்டும் மாத்தலாம்: மடக்கின அலுமினியப் பல்லை நிமித்தி, புது ரப்பரோட புது டேங்க் வெச்சுத் திரும்ப மடக்குவாங்க. ஏற்கெனவே ஒருதரம் நிமித்தின பல்லுன்னா உடையும், அப்ப ரேடியேட்டரையே மாத்திடுங்க.

நாமக்கல்: லாரிக்காரங்க மஞ்சள் தூள் போடுறாங்களே?

ஊசி முனை ஓட்டையை அது அடைக்கிறது உண்மைதான். அது உங்க ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காதே! சின்னச் சின்னக் குழாய்லயும் ஹீட்டர்லயும் போய் உட்காரும். கடையில விக்கிற லீக் அடைக்கிற மருந்துக்கும் இதே கதைதான். நடுவழி, ராத்திரி, கடை இல்லைன்னா போடுங்க. மறுநாள் கழுவி விட்டுடுங்க.

சென்னை: பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில பழைய ரேடியேட்டர் வாங்கலாமா?

கண்ணாடி, கதவுன்னா நானே அங்கதான் போவேன். ரேடியேட்டருக்குப் போக மாட்டேன். உங்க பிளாஸ்டிக் வெயில்ல வெந்த அதே வருஷங்கள் அதுவும் வெந்திருக்கு. கம்பெனி பெயர் இல்லாத புதுசு கிடைச்சா அதுவே மேல். கையால கியர் மாத்த வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டின்னா கூடுதல் கவனம். பலதுல கியர் ஆயில் குளிர்விக்கிற குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடும். அது ஓட்டை விழுந்தா ஆயிலும் தண்ணியும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி வரும், கியர்பாக்ஸே போயிடும்.

கரூர்: ஓடும்போது சரியா இருக்கு, டிராஃபிக்ல மட்டும் சூடாகுது.

ஏசியைப் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா கோளாறு ஃபேனோட ஃபியூஸ், ரிலே, மோட்டார்ல இருக்கும். ரேடியேட்டரைத் தொடாதீங்க.

திருப்பூர்: போர் தண்ணி ஊத்தலாமா அண்ணா?

அவசரத்துக்கு எந்தத் தண்ணியும் ஊத்தலாம். தினப்படிக்கு வேண்டாம்மா. உங்க வீட்டு வெந்நீர்ப் பானை அடியில படியுற அதே உப்புதான் உள்ளேயும் படியும். தண்ணி கலக்காத கூலன்ட்டும், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் (ஆசிட் இல்லை) பாதிக்குப் பாதி போதும். அப்புறம், கூலன்ட் இனிப்பா இருக்கும், ஆனா விஷம். தரையில சிந்தினா கழுவிடுங்க, தெருநாய் நக்கும்.

வேலூர்: ஹைவேயில கல் பட்டு ஓட்டை. இன்சூரன்ஸ் வருமா?

ஃபுல் இன்சூரன்ஸ்னா வரும். ஆனா சின்னத் தொகைக்கு கிளெய்ம் போட்டு நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் போடாததுக்குப் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) இழக்கணுமான்னு கணக்குப் போடுங்க. சூடு ஏறின பிறகும் ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனா, அதாவது இறுகி நின்னுட்டா, அந்தக் கிளெய்மைப் பெரும்பாலும் தள்ளிடுவாங்க. டெம்பரேச்சர் மீட்டர் முள் ஏறினதும் ஓரங்கட்டுங்க. மூடியை உடனே திறக்காதீங்க. என் இடது மணிக்கட்டுல இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான்.

ஈரோடு: புது ரேடியேட்டர் போட்டும் கொதிக்குது!

காலையில மூடியைத் திறந்து வெச்சு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல கொஞ்சம் காத்து வரும், அது பரவாயில்லை. குமிழி நிக்காம வந்துக்கிட்டே இருந்தா கோளாறு ரேடியேட்டர்ல இல்லை, ஹெட் கேஸ்கெட்ல (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு). சைலென்சர்ல வெள்ளைப் புகை, ஆயில் குச்சியில மோர் மாதிரி நுரை இருந்தா சந்தேகமே வேண்டாம். பழைய ரேடியேட்டரைக் காயலான் கடையில போடலையே? எடுத்து வைங்க.