கணினியில் வடிவமைத்துச் செய்யும் பகுதிப் பல்செட் வாயில் சரியாகப் பொருந்துமா?

சில பற்களை மட்டும் இழந்தவர்கள் கழற்றி மாட்டுவதுதான் பகுதிப் பல்செட். டிஜிட்டல் முறையில் வாயை ஸ்கேன் செய்து, கணினியில் வரைந்து, பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் என்ற உலோகக் கலவைத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, பல்செட்டைத் தாங்கும் உலோகச் சட்டத்தைச் செய்கிறார்கள்.

இடைவெளியின் இருபுறமும் சொந்தப் பல் இருந்தால் பெரும்பாலும் நன்றாகவே பொருந்தும். கடைவாய்ப் பற்கள் முழுதும் போயிருந்தால்தான் சிக்கல்; பல்செட்டின் முன்பக்கத்தைப் பல் தாங்கும், பின்பக்கத்தை ஈறு மட்டுமே தாங்கும். மெல்லும்போது பல் கிட்டத்தட்ட அசையாது, ஈறோ அமுங்கும். ஸ்கேனர் பதிவு செய்வதோ அமுங்காத ஈறை. ஒரு கால் சிமெண்ட் தரையிலும் மறுகால் மணலிலும் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் மணல் பக்கம் சாயுமே, அப்படித்தான். இவர்களுக்கு ஈறை லேசாக அழுத்தி அச்செடுக்கும் பழைய வழியையும் சேர்த்துக்கொள்வதே நல்லது என்பேன்.

டிஜிட்டல் என்றால் திருத்தமே தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். மாட்டிய பின் உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது இதிலும் வழக்கம்தான்.