எல்லையோர வாசகர்களின் உளவியல் ஐயங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: மகளைப் பாலக்காட்டில் டாக்டரிடம் காட்டியபோது “எந்தா புத்திமுட்டு?” என்று கேட்டார். அவள் புத்தியில் குறை என்கிறாரா? பள்ளியிலிருந்து வந்த மலையாளக் கடிதத்திலும் ‘விகாரம்’ என்று இருக்கிறது.
(இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: இல்லை. மலையாளத்தில் புத்திமுட்டு என்றால் சிரமம், தொந்தரவு. என்ன பிரச்சினை என்றுதான் டாக்டர் கேட்டிருக்கிறார். விகாரம் என்பதும் அங்கே உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லே தவிர, நாம் தமிழில் முகம் சுளித்துச் சொல்லும் விகாரம் அன்று. உளவியலில் உணர்ச்சி என்பது நெஞ்சு படபடப்பது, அதற்கு நாம் கற்பித்துக்கொள்ளும் காரணம், ஓடவோ எதிர்க்கவோ தோன்றுவது ஆகிய எல்லாம் சேர்ந்தது.

கேள்வி: ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பது தண்டனைதானே?
(ஆசிரியர், பாலக்காட்டுச் சித்தூர்)

பதில்: ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களும் தடுமாறும் இடம் இது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் கையாண்ட பொருளில், வலுவூட்டல் எதுவானாலும் ஒரு நடத்தையை மிகுவிக்கும். தண்டனை அதைக் குறைக்கும். இங்கே எதிர்மறை என்பது கணக்கில் வரும் கழித்தல் குறியைப் போன்றது: வேண்டாத ஒன்று நீங்குகிறது, அவ்வளவுதான்.

சென்ற வாரம் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தாய் கைப்பேசியைக் கொடுத்ததும் அழுகை நின்றது. விரும்பியது கிடைத்ததால் குழந்தையின் அழும் பழக்கம் வலுப்படுகிறது. இது நேர்மறை வலுவூட்டல். இரைச்சல் நீங்கியதால் கைப்பேசியைக் கொடுக்கும் தாயின் பழக்கமும் வலுப்படுகிறது. இதுவே எதிர்மறை வலுவூட்டல். (தாயைக் குறை சொல்லவில்லை, அந்த நெரிசலில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.) உங்கள் வகுப்பில், வீட்டுப்பாடம் முடித்தவனுக்கு அறையைப் பெருக்கும் முறையிலிருந்து விலக்களித்து, அதனால் அவன் தொடர்ந்து முடித்து வந்தால் அது எதிர்மறை வலுவூட்டல், முடிக்காதவனைப் பெருக்கச் சொல்லி, அதனால் அவனுடைய அலட்சியம் குறைந்தால் அது தண்டனை.

கேள்வி: ஸ்கிஸோஃப்ரினியா என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு பேரா?
(கல்லூரி மாணவர், கோவிந்தாபுரம்)

பதில்: இல்லை. 1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர், பிளவு, மனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரை இட்டார். சிந்தனையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமல் போவதையே அவர் பிளவு என்றார். இல்லாத குரல் கேட்பதும், எவர் மறுத்தாலும் அசையாத தவறான நம்பிக்கையும் இதன் முக்கிய அறிகுறிகள். தமிழில் மனச்சிதைவு என்கிறோம்.

கேள்வி: மழை தவறி நிலக்கடலை போனதிலிருந்து அப்பா சோர்ந்து கிடக்கிறார். இது ‘டிப்ரெஷன்’ ஆகுமா?
(வாசகி, வாளையாறு)

பதில்: இழப்புக்கு வருந்துவது நோயன்று. ஆனால் நாளின் பெரும்பகுதியும் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, உறக்கம், பசி, கவனம் ஆகியவையும் கெட்டு, அன்றாட வேலையே முடங்குமானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவமனைப் பலகையில் ‘விஷாத ரோகம்’ என்று எழுதியிருப்பதும் இதைத்தான். வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.